கருப்புக்குக் கீழே ஒரு கையகலம்

கார்வர்ஸ் மில், இண்டியானா
ஜூன் 11, 1984

டெல்மருக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. போனில் கூப்பிட்டால் கத்திவிடுவேன். கத்தினால் நீ வழக்கம்போல “சரி, ஆறட்டும்” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் ரிவால்வரை என்ன செய்தாய்? எனக்கு விஷயம் தெரியும். இருந்தாலும் உன் வாயால் வரட்டும்.

மே மாதம் உன் கருவிகளையும் துணிமணிகளையும் எடுத்துப்போக வருகிறேன் என்றாய். இருவரும் நான்கு நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் பழைய சண்டை திரும்ப ஆரம்பிக்கும் என்று நான்தான் எவன்ஸ்வில்லில் என் தங்கை வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது வீடு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றிருந்தது. கொஞ்சம் மனசு இளகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப் போவதில்லை.

அதற்குப் பிறகு ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. துப்பாக்கிச் சங்கத்து மைதானத்தில் இரண்டு வாரம் முழங்கால் தண்ணீர், பயிற்சிக்கு வழியே இல்லை. ரிவால்வரைத் துடைத்து எண்ணெய் போட்டு சனிக்கிழமை நேராக மாவட்டப் போட்டிக்கு எடுத்துப்போனேன். குழலை உடலோடு பிணைக்கிற ஆப்பு வழக்கத்தைவிடச் சிக்கென்று இறங்கியது. ஈரக்காற்றில் துருப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். குண்டை உருளையின் அறைக்குள் அழுத்தும்போது சீவப்பட்டு வருகிற ஈய வளையம் நூல்போல மெலிந்து வந்தது. இந்தத் தடவை வார்த்த குண்டு சின்னதாகிவிட்டது போல என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒன்பது வருடமாக அந்தத் துப்பாக்கி மேலேதான் சுடும். நீயே நூறு தடவை கேலி செய்திருக்கிறாய். கருப்பு வட்டத்துக்குக் கீழே ஒரு கையகலம் இறக்கிக் குறி வைத்தால் குண்டு நடுவில் போய் விழும். அப்படித்தான் வைத்தேன். பத்தும் சுட்டு முடித்த பிறகுதான் குறி அட்டையைப் பார்க்கலாம் என்பது விதி, உனக்குத் தெரியும். புகை கலைந்து, போய்ப் பார்த்தால் கருப்பில் ஒன்றுகூட இல்லை. பத்தும் அட்டையின் அடி ஓரத்தில், ஒரு காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் மூடிவிடும் இடத்தில். என் வாழ்நாளில் அவ்வளவு நெருக்கமாகச் சுட்டதே இல்லை, டெல்மர். நூற்றுக்குப் பதினொன்று.

அணித் தலைவன் வெண்டல் க்ரூஸ் அட்டையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். “என்ன ஓபல், மண்புழு வேட்டையா?” என்றான். ஐந்து பேர் அணியில் முதல் பெண் என்று என்னைச் சேர்க்கவே மூன்று வருடம் மூக்கால் அழுதவன் அவன். அவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வீட்டுக்கு வந்து துப்பாக்கியைக் கழற்றினேன். ஆறு அறையும் கண்ணாடிபோல் இருக்கின்றன. உருளை சுழல்கிற நடுத்தண்டு நுழைகிற குழியின் அடியில் புத்தம் புதிதாக ஒரு எஃகுப் பொத்தான். அந்த வேலை செய்கிற கை எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

பதில் எழுது.

ஓபல்

---

ரே வீடு, டிக்சன் ஃபெர்ரி, மிசூரி
ஜூன் 17, 1984

அன்புள்ள ஓபல்,

நான் எழுதுகிறேன், ‘அன்புள்ள’ என்று. எனக்குக் கை வருகிறது.

ஆமாம், நான்தான் செய்தேன். திருட்டுக் குற்றம் போல எழுதியிருக்கிறாய். முப்பத்தோரு வருடம் கடைசல் பட்டறையில் நின்றவன் நான். ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் சாப்பாடு இறங்காது எனக்கு. என் மனைவி கையில் அப்படி ஒரு நொண்டித் துப்பாக்கி இருப்பதை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கே எனக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

அளந்து பார்த்தேன். பழைய ராணுவ ரிவால்வரைப் பார்த்து இத்தாலியில் செய்த நகல்தானே அது? வெளியே நகாசு எல்லாம் அழகு. உள்ளே ஆறு அறையும் குழலைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு குறுகல். குண்டு அறைக்குள் போகும்போதே சிறுத்துவிடுகிறது. அப்புறம் குழலுக்குள் வந்து தொளதொளவென்று தட்டுத் தடுமாறிப் போகிறது. அதைச் சரியான அளவுக்குத் துளைத்துவிட்டேன். அடுத்தது, நடுத்தண்டு கட்டை. குழியின் அடியைத் தொடவில்லை. அதனால் ஆப்பை எவ்வளவு இறுக்குகிறாயோ அவ்வளவுக்குக் குழலின் மூக்கு மேலே தூக்கும். மேலே சுடுவதற்குக் காரணம் உன் கையும் இல்லை, வெடிமருந்தும் இல்லை, அந்த இடைவெளிதான். பொத்தான் வைத்து அடைத்தேன். இப்போது எங்கே பார்க்கிறாயோ அங்கே சுடும். மூன்று நாள் வேலை, ஓபல். நான்காம் நாள் உன் குழாயைச் சரிசெய்தேன்.

சீட்டு எழுதி வைக்காதது ஏன் என்று கேட்பாய். முதல் குண்டிலேயே வித்தியாசம் தெரிந்து நீ போன் செய்வாய் என்று நினைத்தேன். ஒன்பதாம் தேதி காலையிலிருந்து தம்பி ரேயின் கூடத்தில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரே மீன் பிடிக்கக் கூப்பிட்டான், போகவில்லை.

நீயும் ஒன்றைச் சொல். ஒரு குண்டுகூடச் சுட்டுப் பார்க்காமல் யாராவது போட்டிக்குப் போவார்களா? மைதானம் இல்லாவிட்டால் உன் சமையலறைத் தோழி நதீன் வீட்டுத் தோட்டம் இல்லையா? ஆப்பு இறுக்கமாக இறங்குகிறது, வளையம் மெலிதாக வருகிறது, இரண்டையும் பார்த்திருக்கிறாய். பார்த்தும் யோசிக்கவில்லை. பழியை மட்டும் மிசூரிக்கு அனுப்பிவிட்டாய்.

செப்டம்பரில் வருகிற தொழிலாளர் தினத்துக்குள் நான் வீட்டுக்கு வரலாமா வேண்டாமா என்று சொல்வதாக ஜனவரியில் சொன்னாய். இந்தத் துப்பாக்கியை அதோடு முடிச்சுப் போடாதே. எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. ரேயின் மனைவி எல்லாவற்றிலும் சர்க்கரை போடுகிறாள், பீன்ஸில்கூட.

உன்
டெல்மர்

---

கார்வர்ஸ் மில்
ஜூன் 25, 1984

டெல்மர்,

முடிச்சை நான் போடவில்லை. அது ஜனவரியிலேயே விழுந்த முடிச்சு.

நான் வேலை செய்கிற பள்ளிக்கூடச் சமையலறைக்குத் தலைமை வேலை எனக்குத்தான் என்று சொல்ல, பள்ளி அலுவலகத்து அம்மாள் போன் செய்தாள். நான் கடைக்குப் போயிருந்தேன். “அவளுக்கு அந்த நேரமெல்லாம் ஒத்து வராது” என்று நீயே சொல்லி வைத்துவிட்டாய். எனக்குச் சொல்லவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து நதீன் தலைமைச் சமையல்காரியாகத் தொப்பி மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, குளிர்பதன அறைக்குள் போய் வெண்ணெய்ப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். எனக்கு முட்டி வலி, காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பது கஷ்டம் என்று நீ கணக்குப் போட்டாய். கணக்கு சரியாகவே இருக்கலாம். முட்டி யாருடையது?

இப்போது துப்பாக்கி. அளவெல்லாம் எழுதியிருக்கிறாய், படித்தேன். தப்பு என்று சொல்லவில்லை. மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டும் பார்த்தேன். முன்பு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறும், இப்போது உள்ளங்கை அளவுதான். அதைப் பார்த்ததும் கோபம் தணியும் என்று நினைத்தேன். இன்னும் ஏறிற்று. அந்த நொண்டித் துப்பாக்கியோடு எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மழைநாளில் இரண்டு விரல் கூடுதலாக இறக்க வேண்டும், ஆப்பை விரலால் மட்டும் தள்ள வேண்டும், மூன்றாவது அறையை நம்பக் கூடாது. யாரும் சொல்லித்தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தது. அதை வைத்துக்கொண்டுதான் வெண்டலையும் அவன் கூட்டத்தையும் தாண்டி அணிக்குள் போனேன். நீ உள்ளே புகுந்து மூன்று நாளில் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டாய். சரியாகச் சொன்னால், ஆப்பு இருக்கிற துப்பாக்கியை வைத்தே எனக்கு ஆப்பு வைத்தாய்.

வெண்டலிடம் போய்ச் சொன்னேன். துப்பாக்கியைக் கழற்றிப் பொத்தானைக் காட்டினேன். தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, “தோத்தவங்கள்ல துப்பாக்கியக் குத்தம் சொல்லாதவங்க யாரு, ஓபல்?” என்றான். செப்டம்பர் போட்டிக்கு என்னை வெளியே உட்காரவைக்கப் போகிறானாம். யாருக்காவது காய்ச்சல் வந்தால் கூப்பிடுவானாம்.

உன் படிக்கிற கண்ணாடி ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ரத்தக் கொதிப்பு மாத்திரையை விடாமல் சாப்பிடு. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஓபல்

---

டிக்சன் ஃபெர்ரி
ஜூலை 8, 1984

அன்புள்ள ஓபல்,

கண்ணாடி வந்தது. உன் கடிதத்தை அதைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். போடாமல் படித்ததைவிட மோசமாக இருந்தது.

சமையலறை விஷயத்தில் நான் செய்தது தப்பு. ஜனவரியில் அப்படிச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உனக்கு நல்லது என்று தோன்றினால் என் கை தானாகப் போய்விடுகிறது. பட்டறையில் பக்கத்து ஆளின் கடைசல் கோணலாக ஓடினால் நான் போய்த் திருகிவிடுவேன். ஒருத்தனும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துப்பாக்கியை அனுப்பினால் பொத்தானைத் தட்டி எடுத்துவிடலாம். பழையபடி மேலே சுடும். அறைகளைத் துளைத்ததை மட்டும் என்னால் திருப்ப முடியாது. எடுத்த இரும்பு எடுத்ததுதான்.

நேற்று ஒரு நல்ல காரியம் செய்தேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் உனக்கே தெரியும். இந்தத் தடவையாவது நீ சந்தோஷப்படுவாய்.

உன்
டெல்மர்

---

கார்வர்ஸ் மில்
ஜூலை 19, 1984

டெல்மர்,

நீ செய்த நல்ல காரியம் நேற்று வந்து சேர்ந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. நான் கொண்டுபோன பீன்ஸ் நடுவில் இருக்கிறது. வெண்டல் கரண்டியால் டம்ளரைத் தட்டி, மிசூரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று எழுந்து நின்றான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தான். நாற்பது பேர் கேட்டார்கள்.

பிழை முழுக்க உன்னுடையதாம். நான் ‘ஒரு பெண்ணுக்கு அபூர்வமாக அமையும் கை’யாம். துப்பாக்கியின் உள்விவகாரம் ‘அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை’யாம். அதற்குக் கீழே படம் போட்டு, அளவு போட்டு, அம்புக்குறி போட்டிருக்கிறாய். படத்தை மேசை மேசையாகச் சுற்றவிட்டான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

“டெல்மரே சொல்லிட்டான், அப்புறம் என்ன? ஓபல், நீ டீம்ல இருக்க” என்றான் வெண்டல்.

“இதையேதானே மூணு வாரத்துக்கு முன்னாடி நான் உங்கிட்டச் சொன்னேன்? பொத்தானக்கூடக் காட்டினேனே” என்றேன்.

அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஏதோ குழந்தைக்குச் சொல்வதுபோல், “நீ சொன்னது வேற, ஓபல். அவன் அளவு போட்டு எழுதியிருக்கான்ல” என்றான்.

எழுந்து போயிருப்பேன். போனால் பொம்பளைக் கோபம் என்று அதற்கும் சிரிப்பார்கள். உட்கார்ந்து என் பீன்ஸை நானே தின்றேன்.

என் இடம் எனக்குத் திரும்ப வந்துவிட்டது, அதற்கு நீ எழுதிய சிபாரிசு போதுமானதாக இருந்தது. என் வார்த்தைக்கு அங்கே காலணா மதிப்பில்லை என்று நாற்பது பேர் முன்னால் காட்டிக்கொடுத்தாய். எழுதட்டுமா என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் நான் உன்னிடம் எதிர்பார்த்தது. பதிமூன்று சென்ட் அஞ்சல் அட்டையில் அடங்குகிற கேள்வி அது. இருபத்திரண்டு வருடத்தில் நீ கேட்டதே இல்லை. ‘நீ சந்தோஷப்படுவாய்’ என்று தீர்ப்பையும் நீயே எழுதிவிட்டாய்.

துப்பாக்கியை அனுப்ப மாட்டேன். பொத்தான் இருக்கட்டும். நான் சுடக் கற்றுக்கொள்கிறேன். தயவுசெய்து இனி யாருக்கும் எதுவும் எழுதாதே.

ஓபல்

---

டிக்சன் ஃபெர்ரி
ஜூலை 27, 1984

ஓபல்,

செய்தாலும் தப்பு, செய்ததைச் சரிசெய்தாலும் தப்பு, மன்னிப்புக் கேட்டாலும் தப்பு. வெண்டல் படித்துக் காட்டுவான் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? என் பேர் கெட்டாலும் பரவாயில்லை என்று நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு எழுதினேன். அதற்கு இந்தப் பேச்சு.

தொழிலாளர் தினம் வரை நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அப்போதாவது ஒரே வார்த்தையில் சொல்லிவிடு, வரட்டுமா, வேண்டாமா என்று.

டெல்மர்

---

கார்வர்ஸ் மில்
செப்டம்பர் 4, 1984

டெல்மர்,

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியாது. நீ கேட்டபடி ஒரே கடிதத்தில் சொல்கிறேன்.

ஆகஸ்ட் முழுக்க நதீன் வீட்டுத் தோட்டத்தில் சுட்டேன். உன் யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். கருப்பைப் பார்த்துக் குறி வைத்தால் கருப்பில் விழும் என்பது கேட்க எவ்வளவு சுலபம். ஒன்பது வருடம் கீழே இறங்கிப் பழகிய மணிக்கட்டு தானாக இறங்கியது. முதல் பத்து நாள் தரையைத்தான் சுட்டேன். நதீன் கோழிகளை உள்ளே அடைத்துவிட்டாள். பிறகு கை திரும்பியது. சனிக்கிழமை நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. அணியில் என்னுடையதுதான் அதிகம். நாங்கள் இரண்டாம் இடம்.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. வெண்டல் வந்து என் தோளில் தட்டினான். “டெல்மர் கை பட்டா சும்மாவா” என்றான். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர். யாரும் என்னிடம் கை எப்படித் திரும்பியது என்று கேட்கவில்லை. உன் விலாசம் கேட்டார்கள், அவர்கள் துப்பாக்கிகளையும் உனக்கு அனுப்பவேண்டுமாம். கொடுத்தேன். உனக்கு வேலை வரும்.

அவர்களோடு சண்டை போட எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. வீட்டுக்கு வந்தும் அதே சண்டையைப் போடத்தான் தெம்பு இல்லை. உன் மேல் பிரியம் போய்விட்டது என்று சொன்னால் பொய். குழாயைத் திறக்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது, அது பெரிய எரிச்சலாக இருக்கிறது. நீ கெட்டவன் என்றால் எனக்கு எவ்வளவோ சுலபமாகப் போயிருக்கும். நீ நல்லது செய்து செய்தே என்னை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவாய். நீ இருக்கிற வீட்டில் நான் நன்றாகச் சுட்டால் அது உன் வேலை, மோசமாகச் சுட்டால் நீ சரிசெய்ய வேண்டிய வேலை.

அதனால் வர வேண்டாம்.

ரிவால்வரைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அது இனிமேல் உன்னுடையது. நல்ல துப்பாக்கி, பத்திரமாக வைத்துக்கொள். போட்டி மைதானத்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன், அதே மாதிரி, பெட்டி பிரிக்காதது. மேலே சுடுகிறது, கொஞ்சம் இடப்பக்கமும் தள்ளுகிறது. எவ்வளவு என்று இன்னும் பிடிபடவில்லை. நேற்றுச் சாயங்காலம் நதீன் வீட்டு வேலிப் பக்கம் நின்று முப்பது குண்டு சுட்டேன். ஒன்றுகூட உருப்படியாக விழவில்லை. நான் சிரித்தது பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மாத்திரையை மறக்காதே.

ஓபல்

---

டிக்சன் ஃபெர்ரி
செப்டம்பர் 19, 1984

அன்புள்ள ஓபல்,

பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். சுடவில்லை.

முதல் மூன்று நாள் உன் மேல் நல்ல கோபம். ரேயின் கொட்டகைக் கதவை உதைத்தேன், கீல் கழன்றுவிட்டது. நானே மாட்டினேன்.

உன் சங்கத்திலிருந்து மூன்று துப்பாக்கிகள் வந்திருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன், எதைத் தொடலாம், எதைத் தொட வேண்டாம், இப்போது எப்படிக் குறி வைக்கிறாய் என்று. வெண்டல் போன் செய்து, “என்னடா டெல்மர், பல் டாக்டர் மாதிரி கேள்வியா கேக்குற, உனக்குத் தெரியாததா?” என்றான். தெரியாது என்றேன். ஓபல் சுட்டதுக்கு ஓபல்தான் காரணம், நான் சரியாக்கியது வெறும் இரும்பு என்றும் சொன்னேன். நீ யாருக்கும் எழுதாதே என்றாய், உன்னைப் பற்றி நான் எழுதவில்லை. அவனாகக் கூப்பிட்டான்.

புதுத் துப்பாக்கி மேலே சுடுகிறது, இடப்பக்கமும் தள்ளுகிறது என்று எழுதியிருந்தாய்.

இதைத் தொடர்ந்து, அது ஏன், எப்படிச் சரிசெய்வது என்று ஏழு வரி எழுதி, ஏழு வரியையும் கருப்பு மையால் அடித்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதில் மறுபடி எழுதினேன். இதிலும் மூன்று வரி வந்துவிட்டது, கீழே பார், அடித்திருக்கிறேன். நீ என்னை எதுவுமே கேட்கவில்லை என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடாதே. தப்பித் தவறி ஒரு எழுத்து தெரிந்தாலும் அதை நம்பாதே, அந்தத் துப்பாக்கியை நான் பார்த்ததே இல்லை.

வரட்டுமா என்று இன்னொரு தடவை கேட்க மாட்டேன். நீ சொல்லிவிட்டாய்.

டெல்மர்